கப்பல் பேசுகிற தமிழ்

சில வருஷங்களுக்கு முன்பு என்னுடைய தொடர்கதை ஒன்றில் ஒரு கப்பல் மூழ்கியது.

கோயமுத்தூரில் உட்கார்ந்துகொண்டு கப்பலை மூழ்கடிப்பது மிகவும் சுலபமான காரியம். தலைக்கு மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டிருக்கிறது. பக்கத்தில் காப்பி ஆறிக்கொண்டிருக்கிறது. ஜன்னலுக்கு வெளியே மருதமலை தெரிகிறது. கடலோ, பாலக்காட்டுக் கணவாயைத் தாண்டிக் கோழிக்கோட்டில் இருக்கிறது. அதுவும் நம்முடைய கடல் அல்ல, அடுத்த ராஜ்யத்துக் கடல். நானும் தைரியமாகப் புயலை வரவழைத்தேன். இடி இடித்தது. அலைகள் மலைகளைப் போல் எழுந்தன. (கடலையே பார்க்காதவன்தான் அலையை மலைக்கு ஒப்பிடுவான் என்று இப்பொழுது தோன்றுகிறது. எங்களுக்கு மலைதானே தெரியும்!) கப்பலின் தலைவன் மேல்தட்டில் நின்று கர்ஜித்தான்: "வீரர்களே! வடகிழக்குத் திசையிலிருந்து கொடும் புயல் ஒன்று நம்மை நோக்கி விரைந்து வருகிறது. ஆகவே, காலம் தாழ்த்தாமல் நடுமரத்தின் பாய்கள் அனைத்தையும் கீழே இறக்கிச் சுருட்டிக் கட்டுங்கள்!"

இந்தக் கர்ஜனையில் எனக்கு அப்பொழுது மெத்தப் பெருமை. 'காலம் தாழ்த்தாமல்' என்பதில் விசேஷப் பெருமை.

பத்து நாள் கழித்துப் பத்திரிகை அலுவலகத்திலிருந்து ஒரு தபால் கார்டை எனக்குத் திருப்பி அனுப்பினார்கள். தூத்துக்குடியிலிருந்து வந்தது. பென்சிலால், குண்டு குண்டான எழுத்தில், ஐந்தே வரி. 'உங்கள் தலைவன் காலம் தாழ்த்தாமல் என்று சொல்லி முடிப்பதற்குள் பாய் கிழிந்து பருமல் தண்ணீரில் கிடக்கும். மேலும் அந்த நேரத்தில் முதலில் செய்வது பாயை இறக்குவது அல்ல. தாமானை இளக்க வேண்டும். தாங்கள் கடலுக்குப் போனதில்லை என்று நினைக்கிறேன். மற்றபடி கதை நன்றாக இருக்கிறது. இப்படிக்கு, 32 வருஷம் தோணியில் போன ஒரு தண்டல்.'

ஐந்து வரியில் மூன்று சொற்கள் எனக்கு விளங்கவில்லை. பருமல் என்றால் என்ன? தாமான் என்றால் என்ன? தண்டல் என்றால் வரி வசூல் என்றல்லவா பள்ளிக்கூடத்தில் படித்தோம்? எழுதிப் பிழைக்கிறவனுக்குத் தன் தாய்மொழியில் வந்த கார்டைப் படிக்க அகராதி தேவைப்படுகிறது என்றால் அதைவிட வெட்கம் வேறு இல்லை. அந்தக் கார்டை மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துக்கொண்டேன். அடுத்த அத்தியாயத்திலேயே கதாநாயகனைக் கரை சேர்த்துவிட்டேன்.

ஆனால் கார்டு உறுத்திக்கொண்டே இருந்தது. மற்றவர்கள் எப்படிச் செய்திருக்கிறார்கள் என்று பார்க்கத் தொடங்கினேன். அந்தப் படிப்பின் விளைவுதான் இந்தக் கட்டுரை.

முதலில் கல்கி. 'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை தொடர்கதையாக வந்தது. அதன் இரண்டாம் பாகத்துக்குப் பெயரே 'சுழற்காற்று'. கோடிக்கரையிலிருந்து ஈழத்துக்குப் பூங்குழலி படகு செலுத்திப் போவதையும், பாய்மரத்தில் இடி விழுந்து கப்பல் பற்றி எரிவதையும், அருள்மொழிவர்மர் படகில் சென்று வந்தியத்தேவனைக் காப்பாற்றுவதையும் நாம் எத்தனை தடவை படித்திருக்கிறோம்! கார்டைக் கையில் வைத்துக்கொண்டு மறுபடியும் படித்தபோது ஒன்று புரிந்தது. கல்கி மகா கெட்டிக்காரர். கப்பலின் உள்வேலைக்குள் அவர் அதிகம் போவதே இல்லை. கயிறு, பாய், மாலுமிகளின் வாய்ப்பேச்சு இவற்றையெல்லாம் தூரத்தில் நிறுத்திவிட்டு, ஒரு சிறிய படகு, ஒரு துடுப்பு, அதைப் பிடித்திருக்கும் ஒரு பெண் என்ற அளவுக்குக் கடலைச் சுருக்கிக்கொள்கிறார். அது மட்டுமல்ல. நமக்குக் கண்ணாக அவர் அனுப்புவது வந்தியத்தேவனை. அவன் குதிரை ஏறுகிற ஜாதி. கடல் விஷயத்தில் நம்மைப் போலவே ஒன்றும் தெரியாதவன். அவனுக்குத் தெரியாததை ஆசிரியர் நமக்குச் சொல்ல வேண்டிய கட்டாயமில்லை. பயமும் வியப்பும் போதும்.

இந்த உபாயத்தை மேல்நாட்டிலும் பார்க்கலாம். பாட்ரிக் ஓ'ப்ரியன் என்ற ஆங்கில எழுத்தாளர் நெப்போலியன் காலத்துக் கடற்படையை வைத்து 20 நாவல்கள் எழுதி முடித்தார். கப்பலில் உள்ள அத்தனை கயிற்றுக்கும் அவருக்குப் பெயர் தெரியும். ஆயினும் மாட்டுரின் என்று ஒரு டாக்டரைக் கப்பலில் ஏற்றிவிடுகிறார். அந்த மனிதருக்குக் கடைசி வரையில் கப்பலின் வலப்பக்கம் எது, இடப்பக்கம் எது என்பது சரியாகப் பிடிபடுவதில்லை. வாசகன் அவர் தோளில் சாய்ந்துகொண்டு பிரயாணம் செய்கிறான். கல்கி அந்த நாவல்கள் பிறக்கும் முன்பே நமக்கு அதைச் செய்து காட்டிவிட்டார்.

அடுத்தது சாண்டில்யன். 'கடல் புறா' 1960களில் குமுதத்தில் வந்து தமிழ்நாட்டையே கட்டிப்போட்டது. அவர் கல்கியைப் போல் ஒதுங்கிப் போகிறவர் அல்ல. நேராகக் கப்பலுக்குள் புகுந்துவிடுகிறார். கப்பல் கட்டுவதைச் சொல்கிறார், கடற்போரின் வியூகத்தைச் சொல்கிறார். அந்தத் துணிச்சலை நான் மதிக்கிறேன். என்னுடைய கப்பல் மூழ்கியதற்கும் அவரைப் படித்து வளர்ந்ததுதான் காரணம். ஆனால் அந்தக் கப்பலில் சோழ நாட்டுக் கருணாகர பல்லவன் இருக்கிறான், அரபு நாட்டு அமீர் இருக்கிறான், சீனக் கொள்ளைக்காரனான அகூதாவும் வருகிறான். எல்லாரும் ஒரே தமிழ் பேசுகிறார்கள். அதுவும் அரண்மனைத் தமிழ். வாக்கியத்துக்கு எழுவாய் உண்டு, பயனிலை உண்டு, நடுவில் இரண்டு அடைமொழியும் உண்டு. ராஜசபையை அப்படியே தூக்கித் தண்ணீரில் மிதக்கவிட்டதுபோல் இருக்கிறது. இதை அவருடைய குறை என்று மட்டும் சொல்லமாட்டேன். சரித்திர நாவல் என்றால் எல்லாரும் இப்படித்தான் பேசவேண்டும் என்று நாம் எல்லோருமாகச் சேர்ந்து செய்துகொண்ட ஒப்பந்தம் அது. வாசகரும் அதில் கையெழுத்துப் போட்டவர்தான்.

இதில் எங்கே தவறு நடக்கிறது என்பதைக் கடலை வைத்துச் சொல்வதைவிட எனக்குத் தெரிந்ததை வைத்துச் சொல்கிறேன். என் தாத்தா தோட்டத்தில் கவலை ஓடியது. மின்சார மோட்டார் வந்து கவலையை அடித்துவிட்டதால் இன்றைய பிள்ளைகளுக்கு விளக்கித்தான் ஆகவேண்டும். கிணற்றுக்குள் தோல் சால் இறங்கும். அதன் வாயைப் பிடித்திருப்பது வடம். அடியில் தும்பிக்கை போலத் தொங்கும் தோல் குழாயைப் பிடித்திருப்பது தும்பிக் கயிறு. இரண்டு எருதுகள் சரிவில் இறங்கினால் சால் மேலே வரும். தும்பி வாய் திறந்து தண்ணீர் கொட்டும். இரண்டு கயிறும் ஒரே சமயத்தில் வேலை செய்யவேண்டும். ஒன்று பிந்தினால் தண்ணீர் கிணற்றுக்கே திரும்பிப் போகும். ஒன்று அறுந்தால் ஆளே போவான். இவ்வளவு ஆபத்தான வேலையில் ஓட்டுகிறவர் என்ன பேசினார்? ஒரு 'ஹை', ஒரு 'ஹோ', நாக்கை மேலண்ணத்தில் தட்டும் ஒரு சத்தம். அவ்வளவுதான். "எருதுகளே, காலம் தாழ்த்தாமல் பின்னோக்கி வாருங்கள்" என்று அவர் சொன்னதாக எனக்கு நினைவில்லை.

ஆர். ஷண்முகசுந்தரம் 1942ல் 'நாகம்மாள்' வெளியிட்டபோது கொங்கு நாட்டுக் குடியானவர்களின் பேச்சை அப்படியே அச்சில் ஏற்றினார். அதைப் படித்துத்தான் நம்மூர்ப் பேச்சிலும் நாவல் எழுதலாம் என்று என் போன்றவர்களுக்குத் தைரியம் வந்தது. தோட்டத்துக்கு இந்த உரிமையைக் கொடுத்துவிட்டுக் கப்பலுக்கு மறுத்தது ஏன் என்று யோசித்தேன். விடை அவ்வளவு கௌரவமானதல்ல. தோட்டம் எங்களுக்குத் தெரியும், தப்பாக எழுதினால் மாமன் மச்சான் சிரிப்பான். கப்பலைத் தப்பாக எழுதினால் சிரிக்க ஆளில்லை என்று நினைத்தோம். தூத்துக்குடியில் ஒருவர் வாரப் பத்திரிகை வாங்குவார் என்பது நம் கணக்கில் வரவில்லை.

கடைசியில் ரயிலேறித் தூத்துக்குடிக்கே போனேன். கார்டில் விலாசம் இருந்தது. போகும்போது என்ன சொல்வது என்று கூச்சமாகத்தான் இருந்தது. பெரியவர் வீட்டுத் திண்ணையில் இருந்தார். எழுபத்தைந்து வயதுக்கு மேல் இருக்கும். இன்னார் என்று சொன்னதும் சிரித்துவிட்டார்.

"அந்தக் கப்பலை முக்குனது நீருதானா?"

"நான்தானுங்க அண்ணாச்சி. அதுக்குத்தான் மன்னிப்புக் கேட்டுப் போலாம்னு வந்தேன்."

"மன்னிப்பு என்னத்துக்கு, கப்பலா வேய் எம்புட்டு? உக்காரும், காப்பித்தண்ணி குடியும்."

அன்று மாலை வரை பேசிக்கொண்டிருந்தோம். தண்டல் என்றால் தோணியை நடத்திப் போகிற தலைவர். பருமல் என்றால் பாயைத் தாங்கும் குறுக்கு மரம். அணியம் என்றால் தோணியின் முன்தலை. தாமானும் கோசும் பாயின் கீழ் மூலைகளைப் பிடிக்கும் கயிறுகள்; கோசு முன்னால், தாமான் பின்னால். காற்று திடீரென்று அடித்தால் ஆள் ஏறிப் பாயை இறக்க நேரம் இராது. தாமானை இளக்கிவிட்டால் பாய் காற்றைக் கொட்டிவிடும், தோணி நிமிரும். அதற்குத் தண்டல் சொல்லும் சொல் ஒன்றே ஒன்று: "எளக்கு!" எதை என்றுகூடச் சொல்வதில்லை. எதை இளக்கவேண்டும் என்று தெரியாதவனைத் தாமான் பக்கம் நிறுத்தமாட்டார்களாம்.

இந்த ஒற்றைச் சொல்லைக் கேட்டதும் எனக்குத் தாத்தாவின் 'ஹோ' நினைவுக்கு வந்தது.

ஒரு விஷயத்தை வாசகர்கள் கவனிக்கவேண்டும். பெரியவர் 'நங்கூரம் பாய்ச்சினோம்' என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. 'போட்டோம்' என்றுதான் சொன்னார். பாய்ச்சுவதெல்லாம் பத்திரிகைக்காரர்களும் நாவலாசிரியர்களும்தான். இதைக் கேட்டபோது ஜோசப் கான்ராடு ஞாபகத்துக்கு வந்தார். இருபது வருஷம் போல் கடலில் உழைத்துவிட்டுப் பிறகு நாவலாசிரியரானவர் அவர். 1906ல் வெளியிட்ட 'கடலின் கண்ணாடி' என்ற புத்தகத்தில் ஆங்கிலப் பத்திரிகைக்காரர்கள் நங்கூரத்தை 'வீசுவதாக' எழுதுவதைக் கண்டு பொரிந்து தள்ளியிருக்கிறார். நங்கூரத்தை யாரும் வீசுவதில்லை, கட்டை அவிழ்த்து விடுகிறார்கள் என்பது அவர் கட்சி. ஒரு வினைச்சொல்லுக்காக இவ்வளவு கோபமா என்று கல்லூரி நாளில் படித்தபோது நினைத்தேன். கார்டு வந்த பிறகு அந்தக் கோபம் புரிகிறது.

இனி அந்தச் சொற்களின் பூர்வோத்தரம். இங்கேதான் விவகாரம் வருகிறது.

சுக்கான் அரபுச் சொல். மாலுமி என்பதும் அரபுதான். முஅல்லிம் என்ற சொல்லிலிருந்து வந்தது. அதற்கு ஆசிரியர் என்று அர்த்தம். நட்சத்திரம் பார்த்து வழி சொல்கிறவரை அரபுக் கப்பல்களில் வாத்தியார் என்று அழைத்திருக்கிறார்கள்; நாம் அந்த வாத்தியாரைக் கப்பல் ஆட்கள் அனைவருக்கும் பொதுவாக்கிவிட்டோம். சாரங்கு பாரசீகம். நாகுதா பாரசீகம். தாமான் என்ற சொல்லுக்கு மூலமான பாரசீகச் சொல்லுக்கு உடையின் ஓரம், முந்தானை என்று பொருள். பாயின் முந்தானையைப் பிடித்து இழுக்கிற கயிறு! நம் புலவர்கள் யாராவது இப்படி ஓர் உருவகம் செய்திருந்தால் பட்டிமன்றத்தில் மூன்று மணி நேரம் பாராட்டியிருப்போம். பெயர் தெரியாத கப்பல்காரன் செய்ததால் அது வெறும் கொச்சையாகிவிட்டது.

என் நண்பர் ஒருவர் தமிழாசிரியர், நல்ல படிப்பாளி. இந்தச் சொற்களைச் சொன்னதும் முகத்தைச் சுளித்தார். "உனக்கு மீகாமன் இல்லையா? வங்கம், நாவாய், திமில், அம்பி என்று சங்க இலக்கியத்தில் கொட்டிக் கிடக்கிறதே! கூம்பு என்ற பாய்மரத்தை விட்டுவிட்டு ஏன் அரபுக்காரனிடம் கடன் வாங்குகிறாய்?" என்று கேட்டார். அவர் கோபத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. புறநானூற்றின் 66ஆம் பாட்டில் வெண்ணிக்குயத்தியார் கரிகாலனுடைய முன்னோனைப் பற்றிப் பேசும்போது காற்றையே வேலை வாங்கியவன் என்கிறார். கப்பலை 'ஓட்டுவது' என்ற வினை அந்தப் பாட்டிலேயே இருக்கிறது. வண்டி ஓட்டுகிறவர்கள் கப்பலுக்கும் அதே சொல்லைப் போட்டுவிட்டோம் என்று நான் நெடுநாள் எண்ணியிருந்தேன், அது பிசகு. குயவர் குலத்துப் பெண்மணி அவ்வளவு காலத்துக்கு முன்பே அதைச் சொல்லிவிட்டார்.

ஆனால் நண்பருக்கு நான் சொன்ன பதில் வேறு. கப்பல் எந்த மொழிக்கும் சொந்த ஊர் அல்ல. இலங்கையில் காலித் துறைமுகத்தில் ஒரு கல்வெட்டு கிடைத்தது. இப்பொழுது கொழும்பு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹே கொண்டுவந்து நட்ட கல். 1409ஆம் ஆண்டுத் தேதி போட்டது. அதில் மூன்று மொழிகள். சீனம், தமிழ், பாரசீகம். சீனப் பகுதி புத்தரைத் தொழுகிறது. தமிழ்ப் பகுதி தெனவரை நாயினாரைத் தொழுகிறது. பாரசீகப் பகுதி இஸ்லாமியருக்கானது. இந்து மகா சமுத்திரத்தில் காரியம் நடக்கவேண்டுமானால் இந்த மொழிகள் வேண்டும் என்று சீன தேசத்துக்காரனுக்குத் தெரிந்திருந்தது. கல்லிலேயே தமிழும் பாரசீகமும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும்போது கயிற்றில் கலக்காமல் இருக்குமா? அந்தக் கலப்பைக் கழுவிவிட்டால் மிஞ்சுவது தூய தமிழ் என்று நண்பர் நினைக்கிறார். மிஞ்சுவது கடலுக்குப் போகாத தமிழ் என்று எனக்குப் படுகிறது.

சோழர் காலத்துக் கப்பலில் 'ஆலமாரி', 'ஜன்னல்' போன்ற போர்த்துகீசியச் சொல்லைப் போடமுடியாது என்பது வாஸ்தவம். வாஸ்கோ ட காமா வந்தது 1498ல். ஆகவே சரித்திர நாவலாசிரியனுக்கு ஒரு சங்கடம் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் சொல்லைத்தான் மாற்றமுடியாது. வாக்கியத்தைச் சுருக்குவதற்கு எந்தச் சரித்திரம் குறுக்கே நிற்கிறது?

சமூக நாவல்காரர்களுக்கு இந்தச் சங்கடமும் இல்லை. வண்ணநிலவன் 1977ல் எழுதிய 'கடல்புரத்தில்' மணப்பாட்டுக் கரையில் நடக்கிறது. வல்லத்துக்கும் லாஞ்சிக்கும் நடக்கும் சண்டை அது. மிகக் குறைந்த சொற்களில், மெல்லிய குரலில், கரையில் நின்றபடியே கடலைச் சொல்லிவிட்டார். ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி' 1972ல் புத்தகமாக வந்தபோது அதிகம் பேர் சீந்தவில்லை. சிங்கம்புணரியில் பிறந்து இந்தோனேசியாவுக்குப் பிழைக்கப் போனவர் அவர். மலாக்கா நீர்ச்சந்தியில் ஒரு தொங்கான் புயலில் மாட்டிக்கொள்ளும் பகுதியை மட்டும் எடுத்துப் படித்துப் பாருங்கள். வாக்கியங்கள் உடைகின்றன, வினைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி விழுகின்றன, மலாய்ச் சொல்லும் செட்டிநாட்டுச் சொல்லும் சங்கத் தமிழும் ஒரே அலையில் வருகின்றன. புயலைப் பற்றிய வர்ணனை என்று அதைச் சொல்லக்கூடாது. புயல் மொழிக்குள் நடக்கிறது. என் கதையின் புயலையும் அதையும் அடுத்தடுத்து வைத்துப் படித்த அன்று நான் இரவுச் சாப்பாடு சாப்பிடவில்லை.

ஜோ டி குருஸ் உவரிக்காரர். கப்பல் தொழிலில் இருப்பவர். 'ஆழி சூழ் உலகு' 2004ல் வந்தது. 'கொற்கை' 2009ல் வந்து 2013ல் சாகித்திய அகாதெமி பரிசு பெற்றது. தூத்துக்குடித் தோணிகளின் உலகம் முழுவதும் அதில் இருக்கிறது. பெரியவர் திண்ணையில் சொன்ன சொற்களில் பலவற்றை இந்தப் புத்தகங்களில் மறுபடியும் சந்தித்தேன். முதல் ஐம்பது பக்கம் உள்நாட்டு வாசகனுக்குத் திணறும். திணறட்டும் என்கிறார் ஆசிரியர். சில இடங்களில் பாத்திரங்கள் அதிகமாகி யார் யாருக்கு என்ன உறவு என்பது குழம்பிப்போகிறது. அதை நான் குறையாகவே சொல்வேன். சொற்களைப் பற்றிய குறை எனக்கு இல்லை. ஏனென்றால் அவை அங்கே காட்சிக்கு வைக்கப்படவில்லை, வேலை செய்கின்றன.

இந்த வித்தியாசம் முக்கியமானது. அமிதவ் கோஷ் 2008ல் ஆங்கிலத்தில் 'சீ ஆஃப் பாப்பீஸ்' எழுதினார். அபினிக் காலத்துக் கப்பல் ஒன்றில் சாரங்கு அலி என்றொரு அற்புதமான பாத்திரம். லஸ்கர்கள் என்று அழைக்கப்பட்ட நம் நாட்டுக் கப்பலாட்களின் கலப்பு மொழியை அதில் உயிர்ப்பித்திருக்கிறார். அதற்கு அவருக்கு உதவியது தாமஸ் ரோபக் என்ற கம்பெனி ராணுவ அதிகாரி 1811ல் கல்கத்தாவில் வெளியிட்ட அகராதி; கப்பல் சொற்களையும் கட்டளைகளையும் ஆங்கிலத்திலிருந்து இந்துஸ்தானிக்குக் கொடுப்பது. வெள்ளைக்கார மாலுமிக்குக் கீழே நம் ஆட்கள் வேலை செய்தால் அவர்களிடம் எப்படிக் கத்துவது என்று சொல்லிக்கொடுக்கத்தான் அந்தப் புத்தகம். ஆனாலும் அதனால் சொற்கள் பிழைத்தன. கோஷ் அந்தச் சொற்களில் மயங்கிச் சில பக்கங்களில் நகைக்கடைக்காரர் மாதிரி தட்டுத் தட்டாக எடுத்து வைக்கிறார். குருஸின் தண்டல்களுக்கு அந்த நேரம் கிடையாது.

இதெல்லாம் கடற்கரை விஷயம், கோயமுத்தூருக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று வாசகர்கள் கேட்கலாம். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டு ஊர் திரும்பினேன்.

பெரியவர் விடை கொடுக்கும்போது ஒன்று சொல்லியிருந்தார். "பாரம் எறக்கும்போது ஆரியாம்போம். ஏத்தும்போது ஆபீஸ்ம்போம். என்ன பாசையோ, எங்க அப்பா காலத்துலேர்ந்து அப்படித்தான்." எழுதி வைத்துக்கொண்டேன். ஊர் வந்து ஒரு மாதம் இருக்கும். பீளமேட்டுப் பக்கம் ஒரு பட்டறை வாசலில் லாரியிலிருந்து கனத்த இயந்திரம் ஒன்றைக் கிரேனில் இறக்கிக்கொண்டிருந்தார்கள். தெருவை மறித்துவிட்டதால் நானும் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு நின்றேன். தலையில் துண்டு கட்டிய ஒருவர் ஒரு கையை உயர்த்திக்கொண்டு கத்தினார்: "ஆரியா... ஆரியா... ஆரியா..." இயந்திரம் அங்குலம் அங்குலமாக இறங்கியது. ஒரு மூலை இடித்தது. "ஆபீஸ்! ஆபீஸ்!" கிரேன் மேலே தூக்கியது.

இந்தக் கூச்சலை நான் சிறுவயது முதல் கேட்டிருக்கிறேன். மில் சுவருக்குப் பக்கத்தில் குடியிருந்தவன் நான். 'ஆபீஸ்' என்று கத்தும்போதெல்லாம் ஆபீஸிலிருந்து யாரையோ கூப்பிடுகிறார்கள் என்றுதான் நினைத்திருந்தேன்! 'ஆரியா' என்பது அந்த ஆளின் பெயராக இருக்கும் என்பது என் தீர்மானம். ஆரியா என்பது போர்த்துகீசிய மாலுமிகளின் கட்டளை. பாயை இறக்கு என்று பொருள். ஆபீஸ் என்பது பாய்மரக் கப்பலின் லஸ்கர்கள் தூக்குவதற்குச் சொன்ன 'ஹாபீஸ்'. தண்ணீரே இல்லாத பீளமேட்டில், சமுத்திரத்தைக் கண்டிராத ஒரு கிரேன் டிரைவர், நானூறு ஐந்நூறு வருஷத்துக் கப்பல் கட்டளைக்குக் கீழ்ப்படிந்து நெம்புகோலைத் தள்ளிக்கொண்டிருந்தார்.

கத்தியவரிடம் போய் விசாரித்தேன். "எந்த ஊருங்க அண்ணா?" பேப்பூர்ப் பக்கமாம். கலாசி வேலையாம். பேப்பூர் கலாசிகளைப் பற்றித் தெரிந்தவர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. மரக்கப்பல்களைக் கட்டி வெறும் கப்பியும் வடமும் கொண்டு தண்ணீருக்குள் தள்ளுகிறவர்கள். 1988 ஜூலையில் பெருமண் பாலத்திலிருந்து ரயில் அஷ்டமுடிக் காயலில் விழுந்தபோது பெட்டிகளைத் தூக்க அவர்களைத்தான் அழைத்தார்கள். கப்பலில் கற்ற வித்தை மில்லுக்கும் பட்டறைக்கும் ரயில்வேக்கும் வந்துவிட்டது. ரயில்வேயில் நெடுங்காலம் கலாசி என்று ஓர் உத்தியோகமே இருந்தது. போத்தனூரில் அந்த உத்தியோகம் பார்த்த எத்தனையோ பேருக்கு அது கப்பல்காரன் பட்டம் என்பது தெரிந்திருக்காது.

அந்தப் பேப்பூர்க்காரரிடம் ஆரியா என்றால் என்ன மொழி என்று கேட்டேன். "அது மெஷினோட பாஷை சாரே" என்றார்.

இந்த ஊருக்கும் கப்பலுக்கும் உள்ள சம்பந்தம் இது மட்டுமல்ல. வெள்ளலூரில் ரோமாபுரி நாணயங்கள் கிடைத்ததும், நொய்யல் கரைக் கொடுமணலில் மணிகள் செய்து மேற்குக் கடல் வழியாக அனுப்பியதும் பாடப் புத்தகத்திலேயே வந்துவிட்டன. ஆடி மாதம் பாலக்காட்டுக் கணவாய் வழியாக நம் வீட்டுக் கதவைப் படீரென்று அறைகிற காற்றைப் பற்றிப் பெரியவரிடம் சொன்னேன். "அதுதாம் கச்சான்" என்றார் உடனே. முசிறிக்கு யவனக் கப்பல்களைத் தள்ளிக்கொண்டு வந்த தென்மேற்குக் காற்று. நாங்கள் அதை அம்மி பறக்கிற காற்று என்று பழமொழி சொல்லி விட்டுவிட்டோம்.

வ. உ. சிதம்பரம் பிள்ளையை மறந்துவிட்டு இதைப் பேசமுடியாது. 1906ல் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கி, காலியா, லாவோ என்ற இரண்டு கப்பல்களைக் கொழும்புக்கு விட்டவர். வெள்ளைக்காரக் கம்பெனி அதைப் பொறுக்குமா? 1908 மார்ச்சில் கைது. அந்த ஜூலையில் அவரைக் கொண்டுவந்து அடைத்தது எங்கள் கோயமுத்தூர்ச் சிறையில். 1910 டிசம்பர் வரை இங்கேதான் இருந்தார். அவர் இழுத்த செக்கு இன்றும் சிறை வளாகத்தில் இருக்கிறது. நான் பார்த்திருக்கிறேன். கடலிலிருந்து அந்த மனிதரை எவ்வளவு தூரம் உள்ளே கொண்டுபோக முடியுமோ அவ்வளவு தூரம் கொண்டுவந்து, நேர்கோட்டில் போகிறவரை வட்டத்தில் சுற்றவிட்டார்கள். கம்பெனியும் 1911ல் கலைந்துவிட்டது. 1961ல் படம் எடுத்தபோதும் 'கப்பலோட்டிய தமிழன்' என்றுதான் பெயர் வைத்தார்கள். குயத்தியாரின் வினைச்சொல் பிழைத்துக்கொண்டது. அந்தக் கப்பல்களில் கயிறு பிடித்தவர்கள் என்ன சொல்லிக் கத்தினார்கள் என்பதைப் படத்தில் யாரும் கேட்கவைக்கவில்லை. அங்கேயும் கப்பலில் மேடைத்தமிழ்தான்.

சென்ற வருஷம் என் தொடர்கதையின் இரண்டாம் பதிப்புக்குப் பதிப்பாளர் ஏற்பாடு செய்தார். அந்த அத்தியாயத்தைத் திருத்துவதா, விடுவதா என்று ஒரு வாரம் யோசித்தேன். புதிதாகக் கற்ற சொற்களை எல்லாம் வரிசையாகப் போட்டு ஒரு தடவை எழுதிப் பார்த்தேன். பருமல், கோசு, தாமான், அணியம், அடிக்குறிப்பு நான்கு. படித்துப் பார்த்தால், தீபாவளிக்கு மாமனார் வீட்டுச் சட்டையைப் போட்டுக்கொண்ட மாப்பிள்ளை மாதிரி இருந்தது. கிழித்துப் போட்டேன். பிறகு தலைவனுடைய கர்ஜனை முழுவதையும் அடித்துவிட்டு ஒரே ஒரு சொல் எழுதினேன். கயிற்றுக்குப் பெயர் சொல்லவில்லை. கதாநாயகனுக்கு அது விளங்கவில்லை, பக்கத்தில் நின்றவன் கை மட்டும் அசைந்தது, கப்பல் நிமிர்ந்தது என்று எழுதினேன். கல்கியிடம் பாதியும் பெரியவரிடம் பாதியும் வாங்கியது. அத்தியாயம் இரண்டு பக்கம் குறைந்துவிட்டது என்று பதிப்பாளருக்கு வருத்தம்.

புத்தகம் வந்ததும் முதல் பிரதியைத் தூத்துக்குடிக்கு அனுப்பினேன். பெரியவருக்குக் கண் மங்கிவிட்டதால் பேத்தி படித்துக் காட்டியிருக்கிறாள். மறுபடியும் ஒரு கார்டு வந்தது. இந்தத் தடவை பேத்தியின் கையெழுத்து. 'எளக்கு சரி. ஆனால் வடகிழக்கிலிருந்து காற்று அடிக்கும்போது உங்கள் கப்பல் நாகப்பட்டினத்திலிருந்து அந்தப் பக்கம் போயிருக்காது. தாத்தா சொல்லச் சொன்னார்கள்.'

மூன்றாம் பதிப்பு வரட்டும்.